பழைய அடியும் புதிய அடியும்: வட்டம் கலையாமல் ஆட்டம் பழக்குவது எப்படி?



தைப்பொங்கல் கிட்ட வந்தால் நம் தோட்டங்களில் ஒரு சண்டையும் கூடவே வரும். பெரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ கோலாட்டம் பழக ஆரம்பிப்பார்கள். "இந்த வருசமும் அதே பாட்டு, அதே அடிதானா? யாரு நின்னு பாக்கப் போறா?" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். "சினிமாப் பாட்டுக்குக் குதிக்கிறதா கோலாட்டம்? எங்கள விடுங்க" என்று பெரியவர்கள் கோலைக் கீழே வைப்பார்கள். கடைசியில் பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டு ஒரு பக்கம் ஆடுவார்கள், பெரியவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு தோட்டத்து ஆட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பழக்கமானது இல்லாவிட்டால் வட்டம் நிற்காது. புதியது இல்லாவிட்டால் வட்டத்துக்கு ஆள் வராது. இரண்டையும் எந்த அளவில், எந்த இடத்தில் சேர்ப்பது என்று தெரிந்தவர்தான் நல்ல ஆட்டக்காரத் தலைவர். இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது மலைநாட்டில் அல்ல, என் சொந்த ஊர்ப் பக்கத்தில், கல்முனைக் கடற்கரையில். அதுவும் ஒரு பெரிய பிழையைச் செய்த பிறகுதான். அந்தப் பிழையையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

கல்முனைக் கரையின் பொல்லடி

நான் மருதமுனைக்காரன். அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக பஸ்ஸில் தெற்கே போனால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஊர் முஸ்லிம் ஊராக இருக்கும், அடுத்தது தமிழ் ஊராக இருக்கும். பேசுவது எல்லோரும் தமிழ்தான். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் கடல். மருதமுனையில் கைத்தறிச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

அந்த முஸ்லிம் ஊர்களில் ஆண்கள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. பொல்லடி என்பார்கள், களிகம்பு என்றும் சொல்வார்கள். கலியாணம், சுன்னத்து வைபவம், பெரியவர்களை ஊருக்குள் அழைத்து வருதல் போன்ற நேரங்களில் ஆடுவார்கள். ஆளுக்கு இரண்டு பொல்லு. வட்டமாக நின்று, பாட்டுப் பாடி, தாளத்துக்குப் பொல்லோடு பொல்லை அடித்து, மாறி மாறிப் போவார்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். நம் கோலாட்டத்துக்குச் சொந்தக்கார ஆட்டம் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவீர்கள்.

இதை நடத்துபவருக்கு அண்ணாவியார் என்று பெயர். பக்கத்துத் தமிழ் ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்குபவருக்கும் அதே பெயர்தான். நம் தோட்டங்களில் காமன் கூத்துக்கு மாஸ்டர் இருக்கிறாரே, அவரைப்போல. பாட்டை எடுத்துக் கொடுப்பதும், எந்த அடியில் இருந்து எந்த அடிக்குப் போவது என்று குரல் கொடுப்பதும் அவர் வேலை. ஆடுகிறவர் காது முழுக்க அவரிடம்தான் இருக்கும்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணாவியார் ஒருவரின் ஆட்டத்தைப் பல கலியாணங்களில் பார்த்திருக்கிறேன். எல்லாக் கலியாணத்திலும் இறைவனையும் நபி பெருமானையும் புகழ்ந்து அதே பாட்டில்தான் தொடங்குவார். நடுவில் அந்த மாப்பிள்ளையின் பெயரையும் குடும்பத்தையும் பழைய மெட்டில் பொருத்திப் பாடுவார். சொல் புதிது, மெட்டு பழையது. கூட்டம் கை தட்டும். ஆடுகிறவர்களுக்கு அடி தடுமாறாது. அது எவ்வளவு பெரிய சூட்சுமம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வட்டம் எப்படி ஓடுகிறது?

பிழை எங்கே நடக்கிறது என்று விளங்க வேண்டுமானால் முதலில் வட்டத்தின் கணக்கு விளங்க வேண்டும். தட்டுவதற்குச் சோடி வேண்டும் என்பதால் ஆட்கள் இரட்டை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். நடுவைப் பார்த்து நிற்க வைத்து, வலப்பக்கமாக 1 முதல் 12 வரை இலக்கம் கொடுங்கள்.

முதலாவது, நின்ற இடத்தில் தட்டும் அடி. ஒற்றை இலக்கக்காரர் வலப்பக்கம் திரும்பும்போது இரட்டை இலக்கக்காரர் இடப்பக்கம் திரும்புவார். இருவரும் தட்டுவார்கள். பிறகு தன் கோலைத் தானே ஒரு தட்டு. பிறகு ஒற்றைக்காரர் இடப்பக்கம், இரட்டைக்காரர் வலப்பக்கம். மறுபடி தன் கோல் ஒரு தட்டு. இப்படி 4 எண்ணிக்கை.

இரண்டாவது, மாறிப் போகும் அடி. ஒற்றை இலக்கக்காரர் எல்லோரும் ஒரு திசையில் போவார்கள், இரட்டை இலக்கக்காரர் எதிர்த் திசையில் வருவார்கள். எதிரே வருபவரோடு தட்டி, அவரைக் கடந்து, அடுத்தவரைச் சந்தித்து மறுபடி தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் நீங்கள் ஒரு இடம் நகர்வீர்கள். 6 தட்டு முடியும்போது வட்டத்தின் எதிர்ப் பக்கத்தில் இருப்பீர்கள். 7ஆவது தட்டில் உங்கள் முதல் சோடியையே மறுபடி சந்திப்பீர்கள். 12 தட்டு முடியும்போது புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

இந்தக் கணக்கை யாரும் மனதில் எண்ணிக்கொண்டு ஆடுவதில்லை. ஆனால் உடம்பு எண்ணுகிறது. "என் இடம் வந்துவிட்டது, இனி மாற்றம் வரும்" என்று காலுக்குத் தெரியும். பழக்கமான ஆட்டம் என்பது இதுதான். தலைவர் இந்த இடத்தில் கை வைத்தால் முழு வட்டமும் ஆட்டம் காணும்.

நான் செய்த பிழை

சில வருசங்களுக்கு முன் நடந்தது. அப்போது நான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. பொங்கலுக்குக் கோலாட்டம் ஏற்பாடு செய்தோம். கொழுந்து பறிக்கும் தாய்மார் ஆறு பேர், பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேர். பிள்ளைகளைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று நினைத்து நான் தலையிட்டேன். வழக்கமான பாட்டை எடுத்துவிட்டு, எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டைப் போடச் சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று பிள்ளைகளை எல்லாம் முன்பக்கம் சேர்த்து நிற்க வைத்தேன், தாய்மாரைப் பின்பக்கம் அனுப்பினேன். அந்தப் பாட்டு 8 தட்டுக்கு ஒரு தரம் திரும்பும். அதனால் மாறிப் போகும் அடியில் 8ஆவது தட்டிலேயே எல்லோரும் திரும்பி வந்த வழியே போக வேண்டும் என்றும் சொன்னேன். பழகியது இரண்டே இரண்டு அந்தி.

பொங்கல் அன்று முதல் சுற்று தப்பியது. இரண்டாம் சுற்றில் வேகம் ஏறியது. 8ஆவது தட்டில் பிள்ளைகள் திரும்பினார்கள். தாய்மார் சிலருக்குக் கால் பழைய கணக்கில் 12 வரை போகப் பார்த்தது. 8 தட்டில் யாரும் தன் இடத்தில் இல்லையே, எதை வைத்துத் திரும்புவது? ஒருவர் திரும்ப, ஒருவர் திரும்பாமல் முன்னே வர, வேகமாக வந்த ஒரு கோல் ஒரு அக்காவின் வலது கை விரல்களில் விழுந்தது.

ஆட்டம் நின்றது. மருந்துக் காம்பராவுக்குக் கூட்டிப் போனோம். எலும்பு உடையவில்லை, ஆனால் இரண்டு விரல் நன்றாக வீங்கிவிட்டது. அந்த அக்கா அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, நாளைக்கு மலைக்குப் போயி இந்தக் கையால எப்புடிக் கொழுந்து பறிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. ஆறு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆறு நாள் பேர் போனது. வேலையில் பட்ட காயமாக இருந்தால் நட்டஈட்டுக்கு எழுதலாம். இது வேலையில் பட்டது இல்லை, எழுத வழியில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த அரிசியையும் பருப்பையும் அவர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். அடுத்த வருசம் அவரும் வரவில்லை, மற்றத் தாய்மாரும் வரவில்லை. பிள்ளைகள் ஆறு பேர் தனியாக ஆடினார்கள். அதற்கு அடுத்த வருசம் அந்தப் பிள்ளைகளில் சிலர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கோலாட்டமே நின்றுபோனது.

ஒரு விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். கையை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது விளையாட்டு இல்லை.

மணலில் வைத்த பன்னிரண்டு சிப்பி

லீவில் ஊருக்குப் போனபோது அந்த அண்ணாவியாரைத் தேடிப் போனேன். வயதாகிவிட்டது, ஆட முடியாது. கடற்கரையில் தோணிக்குப் பக்கத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மாமா, புதுசு செஞ்சது பிழையா?" என்று கேட்டேன்.

"புதுசு கொண்டு போனது பிழையில்ல மகன்" என்றார். "பாட்டு புதுசு, அடி புதுசு, ஆள் நிக்கிற இடமும் புதுசு. மூண்டையும் ஒரே நாளையில மாத்தினாய். அதுதான் பிழை. ஒரு நேரத்தில ஒண்டத்தான் மாத்தணும்."

பிறகு மணலில் 12 சிப்பிகளை வட்டமாக வைத்தார். ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைக் கவிழ்த்து, இப்படி மாறி மாறி. "நிமிந்தது பழக்காரன், கவிண்டது புது ஆள். இப்ப ஓட்டிப் பார்" என்றார். நிமிர்ந்த சிப்பிகளை ஒரு பக்கமும் கவிழ்ந்தவற்றை எதிர்ப் பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். எந்தத் தட்டை எடுத்தாலும் ஒரு நிமிர்ந்த சிப்பியும் ஒரு கவிழ்ந்த சிப்பியும்தான் சந்தித்தன. இரண்டு புது ஆட்கள் ஒரு தரம்கூட நேருக்கு நேர் வரவில்லை. நின்று தட்டும் அடியிலும் அப்படித்தான். புது ஆளின் இரண்டு பக்கத்திலும் பழகிய ஆள். எந்தத் தட்டிலும் இருவரில் ஒருவருக்காவது வழி தெரியும். தடுமாறினால் மற்றவர் கோலைத் தாழ்த்திவிடுவார், அடி விரலில் விழாது.

நானோ புதியதைத் தெரிந்த பிள்ளைகளை ஒரு பக்கம் கட்டியாக நிறுத்தி, தெரியாத தாய்மாரை ஒருவருக்கொருவர் எதிரே விட்டிருந்தேன்.

இந்த முறையை அவர் ஒரு துக்க காலத்தில் நன்றாகப் பரீட்சித்துப் பார்த்தவர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 10,000 பேருக்கு மேல் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகள் வரிசை வரிசையாக இல்லாமல் போயின. அண்ணாவியாரின் வட்டத்திலும் சிலர் இல்லை. நெடுநாள் யாரும் பொல்லைத் தொடவில்லை. பிறகு ஒரு கலியாணத்துக்குக் கேட்டு வந்தபோது, இல்லாதவர்களின் இடத்தில் சின்னப் பொடியன்களை விட்டு ஆடினார்களாம். "அண்டைக்கு நான் ஒரு புதுசும் எடுக்கல்ல. ஆள் புதுசு. அது போதும்" என்றார்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாப்பாவின் பழைய தறியைப் பார்த்தபோது இன்னும் விளங்கியது. தறியில் பாவு என்பது நீளவாக்கில் கட்டிய நூல். அதைக் கட்டிவிட்டால் இடையில் கை வைக்க மாட்டார்கள். நாடா கொண்டுபோகும் ஊடு நூலின் நிறத்தைத்தான் மாற்றுவார்கள். ஒரே பாவில் வேறு வேறு நிறத்தில் துணி வரும். நிறம் மாற்ற வேண்டும் என்று பாவையும் அறுத்தால் துணியே இல்லை. ஆட்டத்திலும் தட்டின் கணக்குத்தான் பாவு. பாட்டின் சொல், உடுப்பு, திரும்பும் அழகு எல்லாம் ஊடு நூல்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

நம் காமன் கூத்தையே எடுங்கள். மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பு ஊன்றுவதில் இருந்து ரதி, மன்மதன் கலியாணம், சிவன் மன்மதனை எரிப்பது வரை கதை மாறாது. ரதி அழும்போது தப்பின் அடி எப்படி மாறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இடையில் வேடம் கட்டி வருகிறவர்கள் அந்த வருசம் தோட்டத்தில் நடந்த சங்கதியைச் சொல்லிச் சிரிக்க வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கதை பாவு, சிரிப்பு ஊடு. நம் பாட்டன் பூட்டன் இந்தியாவில் இருந்து கொண்டுவந்த கூத்து இன்றும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படித்தவர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்கும் வட்டக் களரியை விட்டு, ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மாற்றியது நேரமும் இடமும். ஆட்டத்தையும் தாளத்தையும் மத்தளத்தையும் விடவில்லை. அதனால்தான் நகரத்து ஆட்களும் பார்த்தார்கள், கூத்துத் தெரிந்தவர்களும் அதைக் கூத்து என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஊரில் வட்டமாக ஆடுவதன் உறவு மேடையில் குறைந்துவிடுகிறது என்று பிற்காலத்தில் சொன்னவர்களும் உண்டு. எதை மாற்றினாலும் ஏதோ ஒன்று குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

குஜராத்தில் நவராத்திரிக்கு ஆடும் தாண்டியா நம் கோலாட்டம் போன்றதுதான். குறிப்பிட்ட எண்ணிக்கை தட்டிவிட்டு ஒவ்வொருவரும் அடுத்த சோடிக்கு நகர்வார்கள். அந்த எண்ணிக்கை தெரிந்தால் போதும், முன்பின் தெரியாத ஆயிரம் பேர்கூடச் சேர்ந்து ஆடலாம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர்க் கூட்டமாக ஆடும் ஆட்டங்கள் உண்டு. அமெரிக்க ஆட்டங்களில் நம் அண்ணாவியாரைப்போல ஒருவர் பக்கத்தில் நின்று அடிகளின் பெயரைச் சத்தமாகச் சொல்வார். 1651இல் லண்டனில் ஜோன் பிளேஃபோர்ட் என்பவர் வெளியிட்ட நடனப் புத்தகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. பார்த்தால் பல ஆட்டங்களில் அதே சில அடிகள் மறுபடி மறுபடி வருகின்றன. வரிசையைத்தான் மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறார்கள். அந்த நாட்டுத் தலைவர்கள் இன்றும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். புதிய ஆட்டம் என்றால் பாட்டைப் போடுமுன் எல்லோரையும் ஒரு தரம் சும்மா நடக்க வைப்பார்கள். நடந்து பார்த்த பிறகுதான் இசை. நமக்கும் இது ஏற்ற வழக்கம்.

உங்கள் தோட்டத்தில் செய்யக் கூடியவை

1. ஒரு விழாவுக்கு ஒரு மாற்றம். பாட்டு, அடி, ஆள் என்ற மூன்றில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். புதுப் பாட்டு வந்தால் அடி பழையதாக இருக்கட்டும். புது அடி வந்தால் பழைய பாட்டுக்கே பழக்குங்கள். புது ஆட்கள் வந்தால் பாட்டும் அடியும் பழையதாகவே இருக்கட்டும்.

2. ஆட்களை மாறி மாறி நிறுத்துங்கள். பழகியவருக்கு ஒற்றை இலக்கம், புதியவருக்கு இரட்டை இலக்கம். அழகான உடுப்புக்காரரை எல்லாம் முன்னால் சேர்க்காதீர்கள். வட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

3. மாற்றத்தைத் தன் இடத்தில் சொல்லுங்கள். 12 பேர் மாறிப் போகும் அடியில் 12 தட்டு முடிந்து எல்லோரும் தன் இடத்துக்கு வந்த பிறகே அடுத்த அடிக்குக் குரல் கொடுங்கள். 8 பேர் என்றால் 8 தட்டு, 16 பேர் என்றால் 16 தட்டு. பாட்டு அதற்குப் பொருந்தாவிட்டால் பாட்டை விடுங்கள், கணக்கை விடாதீர்கள். குரல் கடைசித் தட்டில் வரக் கூடாது. இரண்டு தட்டுக்கு முன்பே வர வேண்டும். காதில் விழுந்தது காலுக்குப் போக அந்த நேரம் வேண்டும்.

4. முதலும் கடைசியும் பழையது, நடுவில் புதியது. தொடக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடி வந்தால் கூச்சம் போய் உடம்பு சூடேறும். நடுவில் புதியதைக் காட்டுங்கள். களைப்பு வரும்போது மறுபடி பழையதுக்கே திரும்புங்கள். பார்த்து நிற்கிற பாட்டிகளும் அப்போது கை தட்டிப் பாடுவார்கள்.

5. முதலில் நடை, பிறகு கை, பிறகு கோல். புது அடியை முதல் நாள் வெறுமனே நடந்து பாருங்கள். அடுத்து உள்ளங்கையால் தட்டிப் பழகுங்கள். கை தவறினால் சிரிப்பு வரும், கோல் தவறினால் காயம் வரும். கை தவறாமல் மூன்று தரம் முழுச் சுற்று முடிந்த பிறகே கோலைக் கொடுங்கள். வேகம் கடைசியில் வரட்டும்.

6. பின்னல் கோலாட்டத்தில் இன்னும் கவனம். மேலிருந்து தொங்கும் கயிற்றை ஒரு கையில் பிடித்துப் பின்னும் ஆட்டத்தில், எத்தனை சுற்றுப் பின்னினீர்களோ அத்தனை சுற்று அப்படியே திருப்பி ஆடினால்தான் பின்னல் அவிழும். ஆகவே பின்னும்போது ஒரு புது அடியைச் சேர்த்தால், அதை எதிர்த் திசையிலும் ஆடத் தெரிய வேண்டும். அவிழ்க்கத் தெரியாத முடிச்சைப் போட வேண்டாம்.

7. வட்டத்தில் ஆகத் தயங்குகிறவரைப் பாருங்கள். நன்றாக ஆடுகிற பிள்ளையைப் பார்த்து வேகத்தைக் கூட்டாதீர்கள். அன்று முழு நாளும் மலையில் நின்று, கூடையைச் சுமந்து, அந்தியில் வந்து கோல் பிடிக்கிறவரின் கால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அவருக்குச் சரியான வேகம்தான் அந்த வட்டத்தின் வேகம்.

பிள்ளைகளின் பக்கத்தையும் நினையுங்கள்

இதை வாசிக்கும் பெரியவர்கள், "பாத்தீங்களா, பழசுதான் நல்லதுன்னு ஐயாவே எழுதிட்டாரு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் கார்மெண்டிலும் வேலை செய்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாலு நாள் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த நாலு நாளில் வட்டத்துக்குள் அவர்களுடையது என்று ஒன்றுமே இல்லாவிட்டால், பார்த்துவிட்டுப் போவார்கள், சேர மாட்டார்கள். அவர்கள் சேராவிட்டால் பத்து வருசத்தில் கோல் பிடிக்க ஆள் இருக்காது. ஒரு அடியை அவர்கள் கையில் கொடுங்கள். "இந்த வருசத்துப் புது அடிய நீங்க கொண்டு வாங்க, நாங்க பழகுறோம்" என்று சொல்லிப் பாருங்கள். தாங்கள் கொண்டுவந்த அடியை அம்மா ஆடுவதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த வருசம் லீவு கேட்டாவது வரும்.

நான் வேலை பார்த்த அந்தத் தோட்டத்தில் இரண்டு வருசம் நின்றுபோன கோலாட்டத்தை மறுபடி தொடங்க, காயப்பட்ட அக்காவின் லயத்துக்கே போய்க் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "பழைய பாட்டுன்னா வாறேங்க. ஆனா எம் பக்கத்துல யாரு நிக்கிறதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றார். சரி என்றேன். அவர் தன் மகளை ஒரு பக்கமும், மகளின் கூட்டாளியை மறு பக்கமும் நிறுத்தினார். அண்ணாவியாரின் சிப்பிக் கணக்கு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவரே நடுவில் நின்று இரண்டு பிள்ளைகளையும் கோலால் வழி நடத்தினார். அந்த வருசம் பழைய பாட்டு, பழைய அடி, புதுப் பிள்ளைகள். அடுத்த வருசம் மகள் ஒரு புதுத் திருப்பம் கொண்டுவந்தாள், அதே பாட்டுக்கு, 12 தட்டு முடிந்த இடத்தில். ஒரு விரலிலும் அடி விழவில்லை. மறுநாள் பெரட்டுக்கு எல்லோரும் வந்து பேர் கொடுத்தார்கள்.

உங்கள் தோட்டத்தில் கோலாட்டம், கும்மி, காமன் கூத்து எதுவானாலும், இந்த முறையில் ஒரு தரம் முயன்று பாருங்கள். உங்கள் மாஸ்டர்மார் கையாளும் வேறு முறைகள் இருந்தால் நமது பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த பொங்கலுக்குள் மற்றத் தோட்டத்தாருக்கும் அது பயன்படும்.